ஒத்திப் பணம் வருமானமா, கடனா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுபெற்றவர்கள் தங்கள் பணிக்கொடையையும் சேமநிதியையும் கொண்டு வாடகை வீடு கட்டுவது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மனை பார்ப்பது, வரைபட அனுமதி பெறுவது, வங்கிக் கடனுக்கு விண்ணப்பிப்பது ஆகியவை அதில் தெளிவாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால், கட்டி முடித்து, முதல் குடித்தனக்காரர் பால் காய்ச்சிக் குடியேறிய பிறகு நடப்பவற்றுக்குக் கட்டுரையாளர் ஒதுக்கியது ஒரே ஒரு பத்திதான். அந்தப் பத்தியிலும், பணமுடை வந்தால் ஒரு போர்ஷனை ஒத்திக்கு விட்டு (மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வாடகையின்றிக் குடிவைத்து) சமாளித்துக்கொள்ளலாம் என்று போகிற போக்கில் ஒரு யோசனை இருந்தது. யாரும் சொல்லாமலே அந்த யோசனைப்படி நடந்து, அதிலிருந்து மீள நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டவன் என்ற முறையில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்; கணக்கைக் காட்டாமல் இதைச் சொல்ல முடியாது.

நான் அஞ்சல் துறையில் 36 ஆண்டுகள் பணியாற்றி 2015-இல் ஓய்வு பெற்றவன். சேமிப்புப் பிரிவின் கவுன்ட்டரில் உட்கார்ந்து, ஓய்வுபெற்று வருகிற எத்தனையோ பேருக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் படிவத்தை என் கையாலேயே நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். 2016-இன் நடுவில் அந்தத் திட்டத்துக்கு ஆண்டு வட்டி 8.6 சதவீதம், அப்போதைய உச்சவரம்பான 15 லட்சத்தைப் போட்டிருந்தால் காலாண்டுக்கு 32,250 ரூபாய் என் கணக்கில் தானாக வந்து விழுந்திருக்கும். ஊருக்கெல்லாம் அதைச் சொன்ன நான் என் பணத்தைச் செங்கல்லில் போட்டேன். மதுரை ஆனையூர்ப் பகுதியில் அப்பா விட்டுச்சென்ற 5 சென்ட் மனை சும்மா கிடந்தது என்பதும், மண்ணும் மனையும் ஏமாற்றாது என்று எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்ததும்தான் காரணம். கணக்குப் போட்டுப் பார்த்து எடுத்த முடிவு அன்று.

கீழே இரண்டு, மேலே இரண்டு என்று தலா 600 சதுர அடியில் நான்கு போர்ஷன்கள் கட்டினேன். அன்றைய நிலவரத்தில் சதுர அடிக்கு 1,600 ரூபாய் வீதம் 38,40,000 ரூபாய் ஆயிற்று. இதில் 18,40,000 என் கைப்பணம். 20 லட்சம், மகனைக் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்த்து வங்கியில் வாங்கிய கடன். 15 ஆண்டுத் தவணை, 9.5 சதவீத வட்டி. மாதத் தவணை 20,884 ரூபாய். முதல் மாதத் தவணையில் மட்டும் 15,833 ரூபாய் வட்டிக்கும், வெறும் 5,051 ரூபாய் அசலுக்கும் சென்றன. ஒரு போர்ஷனுக்கு வாடகை 6,000 ரூபாய். நான்குக்கும் சேர்த்து 24,000. தவணை போக மிஞ்சுவது 3,116 ரூபாய். அதிலிருந்து சொத்து வரி, பொது விளக்கு, மோட்டாருக்கான மின்கட்டணம், கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் லாரிக்குக் கொடுப்பது எல்லாம் போக, ஒரு போர்ஷன் ஒரே ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலும் ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக் கட்ட வேண்டிய நிலை.

போர்ஷன் காலியாகக் கிடப்பது அபூர்வமாக நடக்கும் ஒன்று என்று கட்டுரைகளில் எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள் போலும். ஆனிக் கடைசியில் ஒருவர் காலி செய்தால் ஆடி முழுக்க யாரும் சாமான்களை ஏற்றிக்கொண்டு புதுவீட்டுக்கு வரமாட்டார்கள். கார்த்திகைக் கடைசியில் காலி செய்தால் மார்கழி போய்விடும். வீட்டுச் சொந்தக்காரனின் பஞ்சாங்கத்தில் இந்த மாதங்களுக்கு வருமானம் இல்லை என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். இதற்கு மேல், ஒவ்வொரு முறை குடித்தனம் மாறும்போதும் வெள்ளையடிப்பது, பட்டி பார்ப்பது, குழாய் மாற்றுவது, தரகருக்குக் கொடுப்பது என்று ஏறக்குறைய இரண்டு மாத வாடகை கரைந்துவிடும். கட்டுமானச் செலவோடு மனையின் விலையையும் (அப்போது எங்கள் தெருவில் சென்ட் 8 லட்சம்) சேர்த்தால் என் முதலீடு 78 லட்சத்தைத் தாண்டும். ஆண்டு வாடகை 2,88,000 ரூபாய். காலி மாதங்களையும் பழுதுச் செலவையும் கழிக்கும் முன்பே அது 4 சதவீதத்தைத் தொடவில்லை. மனையின் விலை ஏறும் என்பது உண்மைதான். ஆனால் விலை ஏறிய மனையைக் கொண்டு மாதத் தவணையைக் கட்ட முடியாது.

இந்த நிலையில்தான் 2019-இல் மகளின் திருமணம் வந்தது. மேல்தளத்தின் இரண்டு போர்ஷன்களையும் தலா 4 லட்சத்துக்கு மூன்று ஆண்டு ஒத்திக்கு விட்டேன். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: குடியிருப்பவர் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருப்பார், கெடு முடிந்ததும் உரிமையாளர் அந்தத் தொகையை அப்படியே திருப்பித் தர வேண்டும். தென்மாவட்டங்களில் இதை ஒத்தி என்கிறோம். போக்கியம் என்று சொல்லும் ஊர்களும் உண்டு. சென்னைக்காரர்கள் லீஸ் என்பார்கள். மொத்தம் 8 லட்சம் ரூபாய் இரண்டு வாரத்தில் கைக்கு வந்தது. வங்கி மேலாளரின் முன் நிற்க வேண்டியதில்லை, ஜாமீன் இல்லை, பத்திரப் பதிவுச் செலவு இல்லை. முத்திரைத் தாளில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, சாட்சிக்கு இருவர், முடிந்தது. வட்டியும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். திருமணத்துக்கு வந்திருந்த உறவினர்களிடம் வட்டியில்லாக் கடனில் காரியத்தை முடித்துவிட்டதாகப் பெருமையும் பேசினேன்.

வட்டி இருந்தது, அது என் கைக்கு வந்து போகாததால் எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். 4 லட்சத்துக்கு ஈடாக நான் விட்டுக்கொடுத்தது மாதம் 6,000 ரூபாய் வாடகை. அதாவது நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி; ஆண்டுக்கு 18 சதவீதம். அதே வேளையில் அந்தக் கட்டடத்தின் மீதே வங்கி எனக்கு நூற்றுக்கு 80 காசுக்குள் கடன் கொடுத்திருந்தது. கடைத்தெருவில் யாராவது ஒன்றரை வட்டிக்குப் பணம் வாங்கினால் உதட்டைப் பிதுக்கும் நான், என் வீட்டு மாடியில் அதே வட்டிக்கு 8 லட்சம் வாங்கி வைத்திருந்தேன். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வாடகை இரண்டொரு ஆண்டுக்கு ஒருமுறை ஏறும். ஒத்தித் தொகை கெடு முடியும் வரை ஏறாது. 2022-இல் எங்கள் பகுதியில் அதே அளவு போர்ஷனுக்கு வாடகை 7,500 ஆகியிருந்தது. ஆகவே நான் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த வட்டியும் ஒன்றரையிலிருந்து ஒன்றே முக்கால் ரூபாயைத் தாண்டியிருந்தது. வங்கிக் கடனுக்கு வட்டி உயர்ந்தால் கைப்பேசியில் செய்தி வரும். ஒத்திக்கு வட்டி உயர்ந்தால் யாரும் சொல்லமாட்டார்கள்.

திருமணம் முடிந்த மறுமாதத்திலிருந்து வாடகை வரவு 24,000-லிருந்து 12,000 ஆகிவிட்டது. தவணை அதே 20,884. மாதம் 8,884 ரூபாய் ஓய்வூதியத்திலிருந்து போயிற்று. அடுத்த ஆண்டு பெருந்தொற்று வந்தது. கீழ்த்தளத்தில் குடியிருந்தவர் ஒரு தனியார் பள்ளியின் வேன் ஓட்டுநர். பள்ளி மூடியதும் அவருக்குச் சம்பளமும் நின்றது. ஐந்து மாதம் அவரால் வாடகை தர முடியவில்லை, நானும் கேட்கவில்லை. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதித்தபோது நானும் அதைப் பயன்படுத்திக்கொண்டேன். தள்ளிவைத்த மாதங்களின் வட்டி அசலோடு சேர்ந்து நின்றது. ரெப்போ வட்டியோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியோடு, இணைந்த கடனுக்கு மாறினால் வட்டி குறையும் என்று மகன் சொன்னதன் பேரில் மாறினேன். ரெப்போ 4 சதவீதமாக இருந்த காலம் அது, குறையவும் செய்தது. பிறகு 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் அது 6.5 சதவீதத்துக்குப் போயிற்று. தவணைத் தொகை மாறவில்லை, ஆனால் கடன் முடியும் ஆண்டு தள்ளிப்போயிருப்பதைப் பின்னர்தான் கவனித்தேன். தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடனாளியைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. முதிய வயதில் கடன் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும். கேட்காதவர்களுக்குக் காலம்தான் நீள்கிறது.

இதுவரை சொன்னவை பணத்தின் கணக்கு. கட்டடம் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தது. 2016-இல் பணம் நெருக்கியபோது, மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்கும் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, சிமென்ட் பூச்சோடு நிறுத்தினேன். கொத்தனார் அன்றே எச்சரித்தார். ஒரு லட்சம் மிச்சமாகிறதே என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மதுரை வெயிலில் ஐந்து கோடை காய்ந்த அந்தப் பூச்சில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடின. 2021-இன் வடகிழக்குப் பருவமழை நீடித்துப் பெய்தபோது மேல்தளத்து இரண்டு போர்ஷன்களிலும் கூரையில் ஓதம் ஏறி, படுக்கையறையில் மின்விசிறி மாட்டும் கொக்கியைச் சுற்றி நீர் சொட்டியது. கூரைக்குள் இறங்கும் நீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, கீழே உள்ள காரையைத் தள்ளிப் பெயர்த்துவிடும். அப்படித்தான் ஒரு நாள் காலை, சமையலறைக் கூரையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குக் காரை விழுந்தது. நல்லவேளையாக அப்போது அங்கே யாரும் இல்லை.

வாடகைக்கு இருப்பவராக இருந்தால் பழுது பார்க்கும் வரை வாடகையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன், அவரும் ஒப்புக்கொண்டிருப்பார். ஒத்திக்கு இருப்பவரிடம் குறைப்பதற்கு என்ன இருக்கிறது? என் பணத்தைக் கொடுங்கள், நான் போகிறேன் என்றார். அதில் தவறும் இல்லை. தன் மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் அவர் அந்த 4 லட்சத்தைத் திரட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சில மாதங்களில் இரண்டு ஒத்திக்கும் கெடு முடிந்தது. வழக்கமாக ஒத்திக்கு விட்டவர்கள் செய்வது, அடுத்து வருகிறவரிடம் வாங்கி முன்னவருக்குக் கொடுப்பதுதான். அண்ணாந்து பார்த்தால் பச்சை பூத்த கூரை தெரிகிற வீட்டுக்கு யார் 4 லட்சம் கொண்டு வருவார்கள்? பார்க்க வந்த ஏழெட்டுப் பேரும் கூரையைப் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள், தகவல் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள்.

ஒருவருக்கு, வீட்டிலிருந்த நகைகளை அடகு வைத்தும் மகனிடம் வாங்கியும் கொடுத்தேன். மற்றவர் ஏழு மாதம் பொறுத்திருந்தார். அந்த ஏழு மாதமும் தெருவில் அவரை எதிர்கொள்ள நேரும்போது நான் பட்ட கூச்சத்தை இங்கே எழுதுவதற்கில்லை. 1,200 சதுர அடி மாடிக்கு 110 ரூபாய் வீதம் தட்டோடு பதிக்க 1,32,000 ரூபாய் ஆயிற்று. துருப்பிடித்த கம்பியைத் தேய்த்துப் பூச்சுப் பூசி, காரை அடைத்து, வர்ணம் அடிக்க அது தனி. பிறகு, ஏற்கெனவே உள்ள வீட்டுக் கடனின் மேல் கூடுதல் கடனாக வங்கியில் 4 லட்சம் வாங்கி அவருக்குத் திருப்பினேன். அந்தக் கடனுக்கு மாத வட்டி 3,200 ரூபாய்க்குள். காலியான போர்ஷனுக்கு உடனே வந்த வாடகை 7,500. 2019-லேயே இதைச் செய்திருக்கலாம் என்பதை விளக்க இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

வாடகை வீடு வைத்திருக்கும் சிறு முதலீட்டாளர்களில் பெரும்பாலோர் அட்வான்ஸையும் ஒத்திப் பணத்தையும் வரவுப் பக்கத்தில் எழுதுகிறார்கள். அவை கடன் பக்கத்தில் எழுத வேண்டியவை. நான் இந்தக் கடிதம் எழுதுவதே இதற்காகத்தான். தபால் நிலையத்தில் வைப்பாளரின் பணத்தை இலாகாவின் வருமானம் என்று ஒரு நாள் எழுதியிருந்தால் என் வேலை போயிருக்கும். வீட்டில் அதையே மூன்று ஆண்டு செய்தேன். இப்போது நான்கு போர்ஷன்களின் முன்பணமும் தனிக் கணக்கில் இருக்கிறது, அதைத் தொடுவதில்லை. ஒவ்வொரு போர்ஷனின் வாடகையிலும் ஆண்டுக்கு இரண்டு மாதத் தொகையைப் பழுதுக்கென்று தொடர் வைப்பில் போடுகிறேன். வருமான வரிச் சட்டம், வாடகையில் சொத்து வரியைக் கழித்தபின் 30 சதவீதத்தை, ரசீது எதுவும் கேட்காமல், கழிவாகத் தருகிறது. கட்டடம் தேயும், செலவு வைக்கும் என்பதை வரித்துறையே ஒப்புக்கொள்கிறது. கட்டியவர்களாகிய நாம்தான் அந்த 30 சதவீதத்தையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுகிறோம். 2022 ஏப்ரலில் சொத்து வரி பரப்பளவுக்கும் ஊருக்கும் ஏற்ப 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டபோது எழுந்த கூக்குரலில் ஒரு பங்கு என்னுடையதும்கூட. ஆயினும் என் கையைக் கடித்தது வரி அன்று, 2016-இல் நான் மிச்சம் பிடித்த ஒரு லட்சம்தான்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். வேறு உடன்பாடு இல்லாத நிலையில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். எந்தப் பழுது யாருடையது என்று அதன் இணைப்பட்டியலே பிரித்துச் சொல்கிறது: கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு சன்னலுக்கு வர்ணம், குழாய்த் தடம், மின்கம்பித் தடம் ஆகியவை உரிமையாளரைச் சேர்ந்தவை, குழாய்க்கு வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவரைச் சேர்ந்தவை. இந்தப் பட்டியலை நகல் எடுத்து நான்கு போர்ஷன்களுக்கும் கொடுத்த பிறகு, மாதக் கடைசியில் நடக்கும் குழாய்ச் சண்டை பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்குக் காரணம் எங்கள் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். அது எந்தக் குழாயையும் இரண்டு ஆண்டுக்கு மேல் விட்டுவைப்பதில்லை. தண்ணீர் என் கிணற்றிலிருந்து வருவதால், பட்டியல் என்ன சொன்னாலும் நானே மாற்றிக் கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் இந்தச் சட்டம் வாடகையைப் பற்றிப் பேசுகிறது. ஒத்தியில் வாடகை இல்லை. சட்டத்தின் கண்ணில் அது சொத்தை அனுபோகத்தோடு ஒப்படைக்கும் அடமானம். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் ஆன இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தால் மட்டுமே செல்லும். எங்கள் தெருக்களில் லட்சக்கணக்கில் கைமாறும் ஒத்திகளில் சார்பதிவாளர் அலுவலகத்தின் படியேறியவை எத்தனை என்பதைக் குடியிருப்பவர்களே அறிவார்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் யார் கொடுப்பது என்ற பேச்சு வந்ததும், நம்பிக்கைதானே என்று இரு தரப்பும் எழுந்துவிடுகிறார்கள். என் ஒத்தி இரண்டும் அப்படி எழுதப்பட்டவைதான். நான் திருப்பிக் கொடுக்காமல் கையை விரித்திருந்தால், அந்த இரண்டு குடும்பங்களிடமும் இருந்தது நான் கையெழுத்திட்ட ஒரு தாள் மட்டுமே.

பக்கத்துத் தெருவில் நடந்ததையும் சொல்கிறேன், அடையாளம் வேண்டாம். மூன்று போர்ஷன்களையும் ஒத்திக்கு விட்டிருந்த ஒருவர், அதே வீட்டை வங்கியிலும் அடமானம் வைத்திருந்தார். தவணை நின்றதும், 2002-ஆம் ஆண்டுக் கடன் மீட்புச் சட்டத்தின் கீழ் வங்கி சுவரில் அறிவிப்பு ஒட்டியது. ஒத்திக்கு இருந்த மூன்று குடும்பங்களுக்கும், வீட்டின் மீது கடன் இருப்பதே அந்த அறிவிப்பைப் படித்துத்தான் தெரிந்தது. பணம் கொடுக்கும் முன் ஒரு வில்லங்கச் சான்று பார்த்திருந்தால் போதும். தமிழ்நாட்டில் மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கினால், ஒப்படைத்ததற்கான குறிப்பாணை பதிவாகி வில்லங்கத்தில் தெரியும், அதைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமின்றியே பார்க்கலாம். என்னிடம் ஒத்திக்கு வந்த இருவரும் அதைப் பார்க்கவில்லை. என் வீட்டின் மீதும் 20 லட்சம் கடன் இருந்தது. நானாகவும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஒத்தியே கூடாது என்பது என் வாதம் அன்று. வயதைக் காரணம் காட்டி வங்கி கைவிட்டவர்களும், ஊராட்சிக் காலத்தில் முறையான அனுமதி இல்லாமல் கட்டியதால் கடன் கிடைக்காதவர்களும் வேறு எங்கே போவார்கள்? குடியிருக்க வருகிறவருக்கும் மாத வாடகையிலிருந்து விடுதலை கிடைக்கிறது. ஆகவே அதை ஒழிக்க முற்படாமல் வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். குடியிருப்பு ஒத்திக்கு, எடுத்துக்காட்டாக 10 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்கு, மிகக் குறைந்த நிலையான கட்டணத்தில் பதிவு செய்யும் வசதியை அரசு ஏற்படுத்தலாம்; வாடகை ஒப்பந்தங்களுக்கு உள்ள இணையப் பதிவையே ஒத்திக்கும் விரித்து, வீட்டின் மீது முன்பே உள்ள கடனை ஒத்தி ஒப்பந்தத்தின் முதல் வரியில் எழுதுவதைக் கட்டாயமாக்கலாம். கட்டணம் குறைந்தால் வருவாய் குறையும் என்று பதிவுத்துறை கருதக்கூடும். பதிவுக்கே வராத பத்திரத்திலிருந்து இப்போது அவர்களுக்கு வருவாய் என்ன கிடைக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. தங்கள் நாளிதழின் சொத்துப் பக்கத்தில் அடுத்த முறை இது குறித்து எழுதும்போது, ஒத்தித் தொகையை நூற்றுக்கு எத்தனை வட்டி என்று மாற்றிப் பார்க்கும் கணக்கை ஒரு கட்டத்துக்குள்ளாவது போட வேண்டும் என்பது என் வேண்டுகோள். விட்டுக்கொடுக்கும் மாத வாடகையை ஒத்தித் தொகையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் போதும். பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்தால் அவர்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

சென்ற வாரம் மேல்தளத்தில் ஒரு போர்ஷன் காலியாயிற்று. வேன் ஓட்டுநர் சொல்லி அவருடைய உறவினர் ஒருவர் வந்து பார்த்தார். அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டு, வீடு பிடித்திருக்கிறது, 6 லட்சம் கையில் இருக்கிறது, ஒத்திக்குத் தருவீர்களா ஐயா என்று கேட்டார். மாத வாடகை 8,500, முன்பணம் மூன்று மாதம், ஒத்திக்கு இல்லை என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போனார், இன்னும் வரவில்லை. நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது. பலகையை வாசலில் மாட்டி வைத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
ஆனையூர், மதுரை.